மற்ற குதிரைகளையும் கைவிடாதேயும்

அவரைக்காய் உரித்த நாளில் விரல் நுனியில் ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளுமே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. போன வாரம் அப்படிப்பட்ட கையோடு அடுப்படியில் நின்றபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு கொடுக்கலாமா, கூடாதா? என் மகள் கிண்ணத்தோடு தயாராக நிற்கிறாள். போனில் தேடினால் ஓர் இடத்தில் தாராளமாகக் கொடுங்கள் என்கிறார்கள், அடுத்த இடத்தில் வாயு என்கிறார்கள், மூன்றாவது இடத்தில் போட்டிருந்ததை முழுதாகப் படிக்கவே பயமாக இருந்தது. அம்மாவிடம் கேட்டால், உன்னை எல்லாம் இப்படி யோசித்தா வளர்த்தேன் என்பாள். அதனால் கிரேஸ் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது கிரேஸ் ஆன்ட்டி எங்கள் பக்கத்து வீடு. இப்போது பெங்களூரில் மகள் ரூத்தோடு இருக்கிறார். "தோலைப் பிதுக்கி எடுத்துட்டே இல்ல? அப்பறம் இன்னா பயம்? நல்லா மசிச்சிக் குடு," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குத்தான் போனை வைக்க மனம் வரவில்லை. எங்கள் குதிரை கெட்டிலம்மா பந்தயத்தில் தோற்ற அன்றைக்கும் இதே குழம்புதானே என்று பேச்சை வளர்த்தேன்.

"குழம்பா? அன்னிக்கு நான் எங்கடி சமைச்சேன்? ரேஸ் கோர்ஸ்ல இல்ல இருந்தேன்," என்றார்.

அதோடு விட்டாரா? புல்லின் பச்சை, கூட்டத்தின் இரைச்சல், கடைசி வளைவில் எழுந்த தூசி எல்லாவற்றையும் சொன்னார். நான் உம் கொட்டினேன். போனை வைத்த பிறகு, ஒருவேளை நான்தான் தப்போ என்று குழம்பிப்போய் மகளுக்கு ஊட்ட வேண்டிய குழம்பை நானே இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறேன். ஏனென்றால் அந்த நேரத்தில் கிரேஸ் ஆன்ட்டி ஸ்கெலட்டனில், தன் வீட்டு அடுப்படியில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஸ்கெலட்டன் என்பது நான் பிறந்து வளர்ந்து இன்றும் இருக்கிற இடத்தின் பெயர். கல்யாணத்துக்கு முன் என் விலாசத்தைப் பார்த்த என் கணவர், அவர் வேலூர்க்காரர், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். எங்களுக்கு அதில் வேடிக்கையே தெரிந்ததில்லை. "ஸ்கெலட்டன்ல எறக்கிவிடுங்க" என்று ஆட்டோவில் சொல்லிச் சொல்லிப் பழகியதால், எலும்புக்கூட்டுக்கும் இங்கிலீஷில் அதே பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, எங்கள் ஊர்ப் பெயரை ஏன் அதற்கு வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, குதிரைக்கு வருகிறேன்.

தங்கச் சுரங்கத்தை மூடியபோது எங்கள் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்த அப்பாக்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக ரயிலேறி பெங்களூரில் என்ன கிடைத்ததோ அதைப் பிடித்தார்கள். என் அப்பா ஒரு கட்டிடத்துக்குக் காவல். கிரேஸ் ஆன்ட்டியின் கணவர் தேவராஜ் அங்கிள், பூமிக்கடியில் கல் ஏற்றிய ட்ராலியைத் தள்ளியவர், பந்தயக் குதிரை லாயத்தில் சேர்ந்தார். குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது, உடம்பு தேய்ப்பது, காலையில் நடக்க வைப்பது அவர் வேலை. அதுவரை அவர் தொட்ட பெரிய மிருகம் எங்கள் தெருப் பசு ஒன்றுதான். முதல் வாரம் குதிரை அவர் தோளைக் கடித்துவிட்டது. லீவுக்கு வந்தவர் சட்டையை இறக்கி எல்லோருக்கும் அந்தத் தழும்பைக் காட்டினார். சுரங்கத்தின் இரும்புக் கூண்டில், கேஜில், தொங்கிக்கொண்டு மூவாயிரம் அடி இறங்கினபோதுகூட இப்படிப் பயந்ததில்லை என்றார்.

கடித்தவள்தான் காப்பர் கெட்டில். செம்பு நிறம், சின்ன உருவம். பந்தயம் தொடங்கினால் கடைசி ஆளாகத்தான் ஓடுவாள். கடைசி வளைவு வந்ததும் என்ன தோன்றுமோ, எல்லோரையும் தாண்டிக்கொண்டு வருவாள். எங்கள் லைன் முனையில் கோபால் அண்ணனின் சலூன் இருந்தது, அதில் டிவி இருந்தது. "கெட்டில்னா தண்ணி கொதிக்க டைம் ஆவும் இல்ல, பொறுங்கப்பா," என்று ஆண்கள் அங்கே ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்வார்கள். அவள் ஜெயித்தால் சலூன் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அந்த ஓசை கேட்டால் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வருவோம். பந்தயம் கட்டுவதற்கு எங்கள் ஊரில் யாரிடமும் ஒன்றும் இல்லை. தேவராஜ் தேய்த்துவிட்ட குதிரை என்பதற்காகவே அவள் எங்கள் குதிரை. காப்பர் கெட்டில் சீக்கிரமே கெட்டிலு ஆகி, அடுத்த வெற்றிக்குள் கெட்டிலம்மா ஆகிவிட்டாள்.

தை மாதத்தில் பெரிய ரேஸ் ஒன்று வந்தது. அதில் ஜெயித்தால் லாயத்துக்குப் பின்னால் ஒரு அறை தருகிறேன், குடும்பத்தைக் கூட்டிவந்துவிடு என்று முதலாளி தேவராஜ் அங்கிளிடம் சொல்லியிருந்தார். அங்கிள் மகிழ்ந்துபோனார். ரூத் வகுப்பில் எல்லோரிடமும் டாட்டா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கிரேஸ் ஆன்ட்டி என் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து, "ஜன்னலத் தொறந்தா குதிர மூஞ்சி. அதப் பாத்துகினு நான் சோறு துண்ணணுமா? சொல்லு," என்றார். அம்மா சிரித்தாள். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

அவருக்குப் போக விருப்பமில்லை. அந்த வருஷங்களில் மாதம் ஒரு குடும்பமாவது ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போகிறவர்களை முன்னால் நிறுத்தி ஜெபம் செய்வோம். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் சபையில் இன்னொரு பெஞ்சு காலியாகியிருக்கும். தானும் அப்படி முன்னால் போய் நிற்கவேண்டும் என்ற நினைப்பே ஆன்ட்டிக்குத் தாங்கவில்லை. அதே சமயம் கெட்டிலம்மா தோற்கட்டும் என்று நினைக்கவும் அவரால் முடியாது. கடிபட்ட தோளோடு கணவர் பட்ட பாடு அவருக்குத் தெரியும்.

இந்த நிலையில் சனிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம் வந்தது. ரேஸுக்கு முந்தின நாள். குதிரைப் பந்தயத்துக்காக எப்படி ஜெபிப்பது என்று பாஸ்டருக்குச் சங்கடம். "பிரயாணத்திலும் ஓட்டத்திலும் இருக்கிற சகல ஜீவன்களுக்காகவும்" என்று பொதுவாக முடித்துக்கொண்டார். ஆண்கள் விடவில்லை. நம் குதிரை, நம் லைன் பெண் ஒரு வார்த்தை ஜெபிக்கட்டும் என்று கிரேஸ் ஆன்ட்டியை எழுப்பிவிட்டார்கள்.

ஆன்ட்டி கண்ணை மூடினார். கெட்டிலம்மாவின் நான்கு கால்களுக்காக ஜெபித்தார். மேலே உட்காருகிறவரின் கண்களுக்காக ஜெபித்தார். மழை வரக்கூடாது என்று கேட்டார். எல்லோரும் ஆமென் சொல்ல வாயைத் திறந்தபோது அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார். "கூட ஓடுற மற்ற குதிரைகளையும் கைவிடாதேயும், ஆண்டவரே."

ஆமென் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. "இன்னாம்மா, அதுங்களுக்கும் சேத்தா கேட்டுட்டே?" என்று ஆறுமுகம் மாமா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே முணுமுணுத்தார். அவர் எங்கள் சபைகூட இல்லை. பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கெட்டிலம்மாவுக்காக வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லைன் முழுக்க சலூனில். ரூத்தும் அங்கேதான். நான் ஏன் போகவில்லை என்று இன்று யோசித்தால் விளங்கவில்லை. அம்மாவைக் கேட்டால் அன்றைக்கு நான் சளியோடு வீட்டில் படுத்திருந்தேன் என்கிறாள். அது வேறு ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். ஆனால் ஊறவைத்த அவரைக்கொட்டையை நானும் ஆன்ட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து பிதுக்கியது கைக்கு நினைவிருக்கிறது. பிடித்து அழுத்தினால் தோல் விரலில் நின்றுவிடும், பருப்பு பாத்திரத்துக்குள் குதிக்கும். நேரம் நெருங்க நெருங்க ஆன்ட்டியின் பருப்புகள் பாத்திரத்தைத் தாண்டிக் குதித்தன. ஒன்று என் நெற்றியில் பட்டது. அவர் கவனிக்கவே இல்லை. காது மட்டும் வாசல் பக்கம் இருந்தது.

சலூனிலிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. தண்ணி கொதிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. பிறகு கூச்சல் நின்றது. தண்டவாளத்தின் ஓசைக்காகக் காத்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. ஒரு லைனில் அத்தனை பேர் இருந்துகொண்டு அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"போய்ப் பாத்துகினு வாடி," என்றார் ஆன்ட்டி.

சலூன் சாவு வீடு மாதிரி இருந்தது. கோபால் அண்ணன் கத்தியைப் பிடித்தபடி நிற்கிறார். நாற்காலியில் ஆறுமுகம் மாமா, ஒரு கன்னம் வழவழப்பாகவும் ஒரு கன்னம் நுரையாகவும். தண்டவாளத்தைத் தட்டும் இரும்புக் கம்பியை யாரோ மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூத் படியில் அழுதுகொண்டிருந்தாள். நான் திரும்பி ஓடினேன்.

"கெட்டிலம்மா தோத்துட்டா ஆன்ட்டி. ரெண்டாவது."

"விழுந்துட்டாளா? காலு நல்லா கீதா?"

"விழல. ஒரு தல அளவுலதான்."

ஆன்ட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே போகாமல், மூச்சு முட்ட. கொஞ்ச நேரத்தில், "ஐயோ, அந்த மனுசன் பாவம்," என்று சொல்லி நிஜமாகவே அழுதார். இதற்கு நான் என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் மீதிப் பருப்பைப் பிதுக்கி முடித்தேன்.

சாயங்காலம் லைனே துக்கம் விசாரிக்க வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஆன்ட்டி களியும் குழம்பும் போட்டார். ஆறுமுகம் மாமா அதே அரைக் கன்னத்தோடு வந்து உட்கார்ந்து, மற்ற குதிரைகளுக்கும் சேர்த்து ஜெபித்தால் நம்முடையது எப்படி ஜெயிக்கும் என்று நியாயம் கேட்டார்.

"எல்லாம் அவரு படச்சதுதானே, மாமா. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தட்டா?"

மாமா தட்டை நீட்டினார்.

அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அப்பா வேலை முடிந்து வரும் வழியில், வொயிட்ஃபீல்டில் ரயிலுக்குள் இருந்தாராம். செய்தி கேட்டு இன்ஜின் டிரைவரே வண்டியை மெதுவாக ஓட்டினார் என்பது அவர் கட்சி. பாதிப் பேர் ரேஸ் கோர்ஸில் இருந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் எல்லோரும் போயிருந்தால் சலூனில் டிவியைப் பார்க்க டிவி மட்டும்தான் இருந்திருக்கும்.

தேவராஜ் அங்கிளுக்குத் திங்கட்கிழமை லீவு. எல்லோரும் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய், அவரே ஓடித் தோற்றவர் மாதிரி அவரை அழைத்துவந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்கார்ந்தார். நானும் ரூத்தும் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தோம். அறையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டதாக அங்கிள் சொன்னார். பிறகு கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஜெபத்தப் பத்தி ஸ்டேஷன்லேயே சொல்லிட்டாங்க. நெசமா நீ இன்னா கேட்டே?"

ஆன்ட்டி கழுவின தட்டையே மறுபடி கழுவினார். "ஜெயிக்கணும்னும் கேக்கல, தோக்கணும்னும் கேக்கல. எனக்கு கேக்கத் தெரியல."

அங்கிள் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவளுக்கு ஒண்ணும் இல்ல. கொள்ளு துண்ணுட்டு நல்லாத் தூங்கறா. நான்தான் தூங்கல," என்றார்.

அடுத்த வருஷம் கெட்டிலம்மா ஓடவில்லை. குட்டி போடப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிள் வாரம் ஒரு நாள் வந்துபோனார், ஆன்ட்டி ஸ்கெலட்டனிலேயே இருந்தார். எனக்கும் ரூத்துக்கும் பள்ளிக்கூடம் முடியும்வரை ஒரே பெஞ்சு. பிறகு ரூத்தின் காலேஜுக்காக, எந்தக் குதிரையும் ஜெயிக்காமலே, ஒரு டெம்போவில் அவர்கள் கிளம்பினார்கள். அப்போது ஆன்ட்டி மறுக்கவில்லை. பேச்சுத்துணைக்கு அக்கம்பக்கத்தில் எங்கள் வீடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சபையில் முன்னால் நிற்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டார். வார நாளாகப் பார்த்துப் போனார்.

இப்போது என் கணவரும் தினமும் ரயிலில் பெங்களூர் போய்வருகிறார். மகளுக்கு அங்கேயே ஸ்கூல் பார்த்துக் குடிபோய்விடலாம் என்கிறார். அவர் சொல்வது சரிதான். அப்படிச் சொல்லிவிட்டு ராத்திரி படுத்ததும் சரியா என்று யோசிக்கிறேன். கிரேஸ் ஆன்ட்டியிடம் உண்மையில் நான் கேட்க நினைத்தது இதைத்தான், அவரைக்காயை அல்ல. ஆனால் அவர் ரேஸ் கோர்ஸில் இருந்தேன் என்றதும் கேட்க முடியவில்லை. அந்த அடுப்படியில் சிரித்து அழுத பெண்ணிடம்தான் எனக்குக் கேள்வி இருந்தது. அவரை இப்போது எந்த நம்பரில் கூப்பிடுவது?

சலூன் இல்லை. கோபால் அண்ணன் ஓசூரில் மகனோடு. தண்டவாளத் துண்டை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நேற்று சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். லைனில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் தோற்றுவிடவில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான்.