தம்பியின் காசுக்கு வரி இல்லை என்றார்கள்

இந்த நாட்டில் வரி இல்லாத காசை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டேன். கண்ட அன்று எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

டென்மார்க்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உழைத்தால் வரி, வீடு வாங்கினால் வரி, கார் வாங்கினால் இன்னும் ஒன்றரைக் கார் வாங்குகிற அளவுக்கு வரி. எஸ்பியர்க்கில் மீன் பாக்டரியில் நின்று நின்று என் இரண்டு காலும் வீங்கிப் போயின. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதுகூட நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுவதுதான். ஆனால் இலக்கம் தெரியும். சம்பளத் துண்டில் மேலே ஒரு பெரிய இலக்கம் இருக்கும், கீழே ஒரு சின்ன இலக்கம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதை அரசாங்கம் கொண்டுபோய்விட்டது என்று விளங்கிக்கொள்வேன். செத்தவரின் காசையும் விடமாட்டார்கள். பிள்ளைக்குப் போனால் ஒரு வரி, அக்கா தங்கைக்குப் போனால் அதைவிடக் கூட வரி.

அப்படிப்பட்ட நாட்டில் என் தம்பியின் காசுக்கு வரி இல்லை என்றார்கள். ஏன் என்று கேட்டேன். கேட்காமலே கையெழுத்துப் போட்டு வந்திருந்தால், இன்றைக்கும் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

தம்பியைப் பற்றிச் சொல்வதற்கு முதல் என் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் விரும்பிக் கட்டினவள். இவருடைய ஆட்களை ஊரில் குறைந்த சாதி என்று சொல்லி வைத்திருந்தார்கள். நாங்களும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்தான், அவர்களும் வேதக்காரர்தான். ஒரே கோவில், ஒரே சுவாமியார். ஆனாலும் எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டுக்குப் போக நேர்ந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார்கள். மிஞ்சிப் போனால் மூடி உடைக்காத சோடா. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், வேலியில் கவிழ்த்து வைத்த தனிப் பேணியில்தான் தேத்தண்ணி. அந்தப் பேணியை நானே கழுவி வைத்திருக்கிறேன். பிறகு அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனேன். என் அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. என்னைத் தேடி வந்தது தம்பி ஒருவன்தான். வந்து, குசினிக்குள் சப்பணம் கட்டியிருந்து, மாமி போட்ட சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அவன்தான் முதலில் டென்மார்க் வந்தவன். வந்த முதல் மாரியிலேயே சைக்கிளில் போகும்போது கார் அடித்து, ஆஸ்பத்திரியில் கன நாள் கிடந்தான் என்று கேள்விப்பட்டோம். கால் பொருந்திவிட்டது என்று கடிதம் வந்தது. மூன்று நாலு வருஷம் கழித்து, எங்கள் நாலு பேரையும் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி எடுப்பித்ததும் அவன்தான். அவன் கோல்டிங்கில் இருந்தான், நாங்கள் எஸ்பியர்க்கில். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வருவான். பிள்ளைகளுக்கு இனிப்பு கொண்டு வருவான். அதே பையில் தன்னுடைய தேத்தண்ணிக் கோப்பையும் கொண்டு வருவான்.

முதல் தடவை கண்டபோது சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கோப்பையைத் தொடமாட்டான். பீங்கானும் தன்னுடையது. சாப்பிட்டு முடிய, சுடுதண்ணீரில் தானே கழுவி, துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு போவான். அவனுக்குக் கலியாணம் பேசினால் எழும்பிப் போய்விடுவான். ஊரில் மாமியின் கையால் சோறு வாங்கித் தின்றவன், நாலு காசைக் கண்டதும் சாதி பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க? யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி, தன் வீட்டில் வந்து தண்ணீர் குடிக்காதவனைக் கண்டால் வேறு எதை நினைப்பாள்?

இவர் ஒன்றும் சொல்லமாட்டார். தம்பி வருகிற நேரம் பார்த்துத் துறைமுகப் பக்கம் நடக்கப் போய்விடுவார். எஸ்பியர்க் காற்றில் நடப்பதற்கு ஒரு மனிதனுக்கு விருப்பம் வருமா? குடையைப் பிய்த்து எறிகிற காற்று. நான் வந்த புதிதில் மூன்று குடை வாங்கினேன், பிறகு விட்டுவிட்டேன். அந்தக் காற்றிலும் நடந்துவிட்டு, தம்பி போன பிறகுதான் வருவார்.

மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று எல்லாம் வெடித்தது. வந்தவர்களுக்கு முன்னால் தம்பி பையைத் திறந்தான். நான் எங்கள் கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றி அவன் முன்னால் வைத்தேன்.

"இண்டைக்கு இதில குடி."

"வேண்டாம் அக்கா."

"ஏன், எங்கட கோப்பையில என்ன ஒட்டியிருக்கு?"

"அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா."

"அப்ப எப்பிடி? சொல்லன், எல்லாரும் கேக்கட்டும்."

தன் கோப்பையை எடுக்காமலே பையை மூடினான். மாப்பிள்ளையின் தாய் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவர்கள் போன பிறகு, இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். "சரி அக்கா" என்றான். சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சரி அக்கா என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் அதைச் சொல்லாத இடமில்லை. கோவிலில் சொன்னேன், பாக்டரியில் சொன்னேன், டோஸ்ட்ருப்பில் இருக்கிற மச்சாளுக்குப் போனில் சொன்னேன். சாதித் தடிப்புப் பிடித்தவன் என்று அவனுக்கு இந்த நாடு முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது நான்தான். என் வாய் அப்படி.

ஊரில் யுத்தம் முடிகிற மாதம் அவன் செத்தான். எந்த வீட்டிலும் ரீவி நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்த நாட்கள். ஆட்கள் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். கோல்டிங் ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டார்கள். நான் போகும்போது அவனுக்கு நினைவில்லை. ஈரல் பழுது என்று டாக்டர் சொன்னா. வேறு எதுவும் சொல்லவில்லை, தான் சொல்லக்கூடாது என்றா. குடித்து ஈரலைக் கெடுத்திருக்கிறான் என்று நான் தீர்மானித்தேன். அடக்கத்துக்குப் பதினைந்து பேர்கூட வரவில்லை. எல்லாரும் ஊர்வலத்தில். அழுவதற்கு ஊரில் ஆயிரக்கணக்கில் கிடக்க, இவனுக்கு யார் அழுவது?

இரண்டு கிழமையில் ஒரு அட்வகாட்டிடமிருந்து கடிதம் வந்தது. தம்பிக்கு மனைவி பிள்ளை இல்லை, அப்பா அம்மாவும் இல்லை, அதனால் சொத்து அக்காவுக்கு என்று மகள் வாசித்தாள். நான் இவரைப் பார்த்தேன்.

"எனக்கு அவன்ர காசு வேண்டாம்," என்றார் இவர். "உனக்கு வேணுமெண்டால் எடு."

"உங்களுக்கு வேண்டாத காசு எனக்கு என்னத்துக்கு?"

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமாம். அதற்கும் ஒரு கையெழுத்து. என் பெயரை மட்டும் எழுத மொழிப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள், எழுதி முடிய ஒரு தேத்தண்ணி ஆறிவிடும். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் காரில் கோல்டிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறவள், மருந்து நோய் எல்லாம் தெரியும்.

அட்வகாட் ஒரு பெண், என் மகளின் வயதுதான் இருக்கும். கோப்பியும் பிஸ்கட்டும் வைத்தா. அந்த பிஸ்கட்டில் கறுவா போட்டிருந்தது, நல்லாயிருந்தது, இரண்டு எடுத்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. பிறகு கடதாசிகளை விரித்து, மகளைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினா.

"அம்மா, ரெண்டு கணக்கு இருக்காம்," என்றாள் மகள். "ஒண்டு அவர் உழைச்ச காசு. அதுக்குச் சகோதர வரி உண்டு. மற்றது வேறை காசாம். அதுக்கு வரி இல்லையாம்."

"வரி இல்லையோ? பிழையா விளங்கியிருப்பாய். திருப்பிக் கேள்."

கேட்டாள். வரி இல்லைதான். ஒரு குரோனரும் இல்லை.

"ஏனாம்? லொத்தர் விழுந்ததோ?"

மகள் கேட்டாள். அட்வகாட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நான் நினைத்தேன் என்ற மாதிரி ஒரு பார்வை. பிறகு ஒரு கடதாசியை மகளிடம் தள்ளினா. மகள் அதை டெனிஷில் வாய்க்குள் வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"என்ன பிள்ளை?"

திரும்பவும் மேலிருந்து வாசித்தாள்.

"என்னடி, சொல்லன்."

"அம்மா, மாமாவுக்குக் கார் அடிச்ச நேரம் ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தினவையாம். அந்தக் காலத்தில ரத்தத்தைச் சோதிக்காமல் குடுத்திருக்கினம். அந்த ரத்தத்தில எயிட்ஸ் கிருமி இருந்திருக்கு."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியது, ஆனால் உள்ளே போகவில்லை. எயிட்ஸ் என்றால் அது வேறு ஆட்களுக்கு வருவது என்று நினைத்திருந்தவள் நான்.

மகள் மெதுவாகச் சொன்னாள். அப்படிப் பாழான இரத்தத்தால் நோய் வந்தது தம்பிக்கு மட்டுமில்லையாம். பெரிய பிரச்சினையாகிப் பத்திரிகையிலெல்லாம் வந்ததாம். கடைசியில் அரசாங்கம் நட்டஈடு கொடுத்ததாம். செய்த பிழைக்குக் கொடுத்த காசு என்றபடியால், செத்த பிறகு அது உறவுக்குப் போகும்போது அதில் வரி எடுக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்களாம். தம்பி அந்தக் காசில் ஒன்றும் தொடவில்லை.

"அந்தக் கிருமி ஈரலுக்கும் போகுமோ?"

"மாமாவுக்கு அதே ரத்தத்தால ஈரல் வருத்தமும் வந்திருக்கு. இதில எழுதியிருக்கு."

"அவன் குடிக்கேல்லையோ?"

"இல்லை அம்மா."

கோப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அது எனக்குள் ஏறியது. அத்தனை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன.

"பிள்ளை, அது கோப்பையால பரவுமோ?"

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த நேரம்தான் விளங்கியது. அழத் தொடங்கிவிட்டாள்.

"பரவாது அம்மா. கோப்பையால பரவவே பரவாது. டாக்டர்மார் அவருக்கும் சொல்லியிருப்பினம்."

சொல்லியிருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு குழந்தைகள். டாக்டர் சொன்னதை நம்பிப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. வெளியில் சொன்னால் அக்காவின் பிள்ளைகளுக்கு யார் சம்பந்தம் பேசுவார்கள் என்றும் நினைத்திருப்பான். சாதிமான் என்ற பெயர் தனக்கு வந்தால் வரட்டும் என்று பொத்திக்கொண்டு இருந்துவிட்டான்.

ஒன்று சொல்கிறேன், என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் நினையுங்கள். அந்தக் கதிரையில் இருந்தபடியே எனக்கு ஒரு சந்தோஷமும் வந்தது. என் தம்பி சாதி பார்க்கவில்லை. ஊரில் இரண்டு தரம் சோறு வாங்கித் தின்ற அதே பிள்ளைதான் அவன். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அட்வகாட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோனா.

வேண்டாம் என்ற கடதாசியில் நான் கையெழுத்து வைக்கவில்லை. மற்றதில் வைத்தேன். எழுத்து வழக்கத்தை விட மோசமாக வந்தது.

வீட்டில் இவர் ரீவிக்கு முன்னால் இருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரீவியை நிறுத்தினார்.

"அண்டைக்குப் பெட்டி தூக்க ஆம்பிளையள் காணாமல் அடக்கம் செய்யிற டெனிஷ்காரன் வந்து கை குடுத்தவன்," என்றார். "நான் கோவில்ல கடைசி வாங்கில சும்மா இருந்தனான்."

"உங்களை அப்பிடி இருக்க வைச்சது என்ர வாய்தான்."

"உன்ர வாய் மட்டுமில்லை."

அடுத்த நாளே எனக்கு வேறு கலக்கம் பிடித்தது. அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த பெயரை அழிக்க வேண்டும். அழிப்பதென்றால் அவன் சாகும்வரை ஒளித்து வைத்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் காத்த காவல் வீண். சொல்லாவிட்டால், செத்த பிறகும் சாதித் தடிப்புப் பிடித்தவன்தான். மகளிடம் கேட்டேன். "எங்கட கலியாணங்கள் முடிஞ்சுது அம்மா, இனி ஆருக்காக ஒளிக்கிறது? ஆனால் அது மாமாவின்ர விஷயம்," என்றாள். சுவாமியாரிடம் கேட்டேன், செபம் பண்ணுங்கள் என்றார். செபம் பண்ணினேன். வேலைக்காகவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் சாப்பாடு கொடுத்தோம். அன்றைக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லார் வீட்டிலும் ஊரில் யாரோ ஒருவரைக் காணவில்லை, ஓரிடத்தில் கூடி இருக்க எல்லாருக்கும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது. பாக்டரியில் என்னோடு நின்ற ஒரு அக்கா பக்கத்தில் வந்து இருந்தா.

"என்ன இருந்தாலும் உம்மட தம்பி கடைசி மட்டும் தன்ர கௌரவத்தை விடேல்லை பாத்தீரோ," என்றா. ஆறுதல் சொல்கிறாவாம்.

நான் எழும்பினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வாயில் வந்தது வரிதான்.

"என்ர தம்பி விட்ட காசுக்கு அரசாங்கம் வரி எடுக்கேல்லை," என்றேன். மண்டபம் திரும்பிப் பார்த்தது. காசு என்றால் எங்கள் ஆட்கள் திரும்புவார்கள். "ஏனெண்டு கேளுங்கோ."

கேட்பதற்கு முதலே சொல்லிவிட்டேன். இரத்தம், கிருமி, ஈரல், நட்டஈடு, கோப்பை, எல்லாம். எயிட்ஸ் என்ற சொல்லைச் சொல்லும்போது ஒரு தாய் தன் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டதைக் கண்டேன். அதையும் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அவனைச் சாதிமான் எண்டு சொன்னது நான். நீங்கள் ஒருத்தரும் கண்டு சொல்லேல்லை. நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். அது பொய்."

பிறகு அந்தப் பாக்டரி அக்கா என் சீலையைப் பிடித்து இழுத்து, தாழ்ந்த குரலில் கேட்டா.

"நட்டஈட்டுக் காசு முழுசுக்குமோ வரி இல்லை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி செத்து முப்பத்தொரு நாளில் முதல் சிரிப்பு. சிரிப்போடு சேர்ந்துதான் அழுகையும் வந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை. நான் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்க, அந்தப் பக்கத்திலிருந்து இவர் சொன்னார்.

"ஓம் அக்கா, முழுக் காசுக்கும். என்ர மச்சானிட்டை இந்த அரசாங்கம் எடுத்தது போதும்."