மேசைக்கடியில் செருப்புகள்

அவையில் யாரேனும் மறைநூலிலிருந்து ஒரு வரி சொல்லத் தொடங்கினால், மேசைக்கடியில் மொழிபெயர்ப்பாளரின் பாதங்கள் தாமாகவே செருப்பைவிட்டு வெளியே வந்துவிடும். முகத்தில் சலனம் இராது. வரி முடிந்ததும் பெருவிரல் துழாவிச் செருப்பைத் தேடும். சட்டமன்றத்தில் அவர் அமரும் கண்ணாடி அறைக்குள் பல ஆண்டுகளாக நிகழும் இதை அறிந்தவர் ஒருவரே: அவரோடு முறைபோட்டுப் பேசும் இளைய மொழிபெயர்ப்பாளர்.

"அக்கா, இன்னிக்குச் செருப்பை வாசல்லயே விட்டிருக்கலாம். பேசப்போறவங்கள்ல பாதிப்பேரு கடவுளைத் துணைக்குக் கூட்டிட்டுதான் வருவாங்க."

"வாயை மூடுடா. அப்படியே அந்தத் தண்ணி பாட்டிலையும் மூடு."

இரு மொழி பேசும் அவை அது. ஒரு மொழி மட்டுமே அறிந்த உறுப்பினர்களின் காதுகளில், மற்ற மொழி பேசுபவர் அனைவரும் இவருடைய குரலில்தான் வாழ்கிறார்கள். உறுப்பினர் சீறினால் இவரும் சீறுவார், தழுதழுத்தால் தழுதழுப்பார். சிற்றுண்டிச்சாலையில் "ரெட்டை நாக்கு வருது" என்பார்கள். "நாக்கு ரெண்டா இருந்தாலும் டீ ஒண்ணுதான், சூடா குடு" என்று கை நீட்டுவார்.

விடியுமுன் எழுந்து தொழுபவர் அவர். கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய வேதப்பிரதி இருக்கும். பையை மட்டும் கண்ணாடி அறைக்குள் கொண்டுவர மாட்டார். காரணம் கேட்ட இளையவருக்குக் கிடைத்த பதில்: "உள்ள வந்துட்டா இது வாடகை வாய்டா. குடியிருக்கறவங்க என்ன பேசினாலும் வீட்டுக்காரி எட்டிப் பாக்கக் கூடாது."

அன்று விவாதத்திற்கு வந்தது உயிர்காப்புக் கருவி பற்றிய மசோதா. நினைவு திரும்ப வழியற்ற நோயாளியின் சுவாசக் கருவியை நிறுத்த, மருத்துவர்களின் ஒப்புதலும் வாழ்க்கைத்துணையின் சம்மதமும் போதும் என்றது அது. இவருடைய அண்ணனும் அப்படித்தான் கிடக்கிறார். தினமும் காலையில் இவர் அண்ணனின் காதருகே பிரார்த்தனை சொல்வார்; கட்டிலின் மறுமுனையில் அண்ணி பிரார்த்தனை எதுவுமின்றி அந்தக் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்.

சென்ற வாரம் அந்தக் கட்டிலின் இருபுறமும் வார்த்தை தடித்தது.

"என்னை இப்படிப் படுக்க விட்டுடாதேன்னு உன் அண்ணன் என்கிட்ட சொன்னாரு. உன் கடவுள் காதுல அது விழலையா?"

"கொடுத்தவர்தான் எடுக்கணும் அண்ணி."

"அவரு எடுக்கத்தான் வந்தாரு. நாமதானே மெஷினை வச்சு மறிச்சுட்டு நிக்கறோம்?"

அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. விவாதத்தன்று அண்ணி பார்வையாளர் மாடத்தில், மொழிபெயர்ப்பைக் கேட்கும் ஒலிக்கருவியைக் காதில் மாட்டி அமர்ந்திருந்தார்.

முதலில் மூத்த உறுப்பினர் ஒருவர் மறைநூலோடு எழுந்தார். "வாய் பேச முடியாதவனோட மூச்சுக்கு இன்னொருத்தர் முடிவு சொல்லலாம்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டா, அப்புறம் அந்தக் கதவை எப்படிச் சாத்துவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இவருடைய சொந்தக் கேள்வியைப் போலவே வெளிவந்தது. பாதங்கள் வெறுமையாக இருந்தன.

அடுத்து எழுந்தவர் நம்பிக்கையற்றவர் என்று ஊரறிந்த பெண் உறுப்பினர். பெருவிரல் செருப்பைத் தேடிக் கண்டுபிடித்தது.

இளையவர் ஒலிவாங்கியின் பொத்தானை நோக்கிக் கை நீட்டினார். "நான் பாத்துக்கறேன் அக்கா. நீங்க வெளியே போய் உக்காருங்க."

"என் முறைடா இது."

முடிவெடுக்காத உறுப்பினர்கள் பலர் இவர் குரலைக் கேட்டுத்தான் கை தூக்குவார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஒரு பேச்சைக் கொன்றுவிட அவரால் முடியும். சுருதியைச் சற்றே இறக்கினால் போதும். எந்தப் பதிவும் அதைக் காட்டிக்கொடுக்காது. மசோதா தோற்கவேண்டும் என்றுதான் அன்று விடியலிலும் வேண்டியிருந்தார்.

"நான் கடவுளை நம்பறவ இல்லை," என்றது இவருடைய குரல். "நம்பறவங்க நிறுத்த வேண்டாம், இந்தச் சட்டம் அவங்க வீட்டுக்குள்ள வராது. ஆனா என் புருஷன் வேண்டாம்னு சொன்ன மூச்சை, உங்க சட்டத்துக்குப் பயந்து, அவர் நெஞ்சுக்குள்ள நான் தள்ளிக்கிட்டே இருந்தேன். அவர் விரல் சில்லுன்னு இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு மன்னிச்சிடுங்கன்னு யார்கிட்ட சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

உறுப்பினரின் குரல் உடைந்த இடத்தில் இவருடைய குரலும் உடைந்தது. மாடத்தில் அண்ணி இரு கைகளாலும் ஒலிக்கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

இளையவர் குனிந்து பார்த்தார். மேசைக்கடியில் செருப்புகள் தனியே கிடந்தன. குளிர்ந்த தரையில் அவருடைய பாதங்கள் இரண்டும் சேர்ந்து, வெறுமையாக இருந்தன.