பின்தங்க வேண்டிய கடிகாரம்

அலுவலகத்தில் அவளுக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவள், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, வழிகாட்டும் செயற்கைக்கோளில் ஏறப்போகும் கடிகாரங்களைச் சரிபார்ப்பது. இவளை விட்டால் இதற்கு ஆளே இல்லை என்று மேலதிகாரிக்குப் பெருமை. அவளுக்கோ தூக்கம் போனதுதான் மிச்சம்.

அந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. உயரே ஈர்ப்பு குறைவு, அதனால் கடிகாரம் வேகமாக ஓடும். செயற்கைக்கோள் பறக்கிற வேகமோ அதைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடிகாரம் வேகமாக ஓடுவதுதான் மிஞ்சும். ஒரு நாளைக்கு மிஞ்சுவது கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அட, இவ்வளவுதானா என்று விட்டால், மறுநாளே ஃபோன் வரைபடம் உங்களைப் பக்கத்து ஊரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதனால் தரையில் இருக்கும்போதே கடிகாரத்தை வேண்டுமென்றே மெதுவாக்கி அனுப்புவார்கள். அறைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திரையில் வரும் கோடு சரிந்து இறங்கினால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஒரு கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து மூட வேண்டிய காலையில் கோடு சரியவில்லை. அறைக் கடிகாரத்தோடு இம்மி பிசகாமல், நேராகப் படுத்துக் கிடந்தது.

"அடேயப்பா, என்னமா ஓடுது பாருங்க!" என்றார் பெட்டி கட்ட வந்தவர்.

அவள் திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தாள். எந்தப் பாவி கை வைத்தது? யோசித்தபோதுதான் நினைவு வந்தது. முந்தின நாள் மாலை, எல்லாம் முடிந்த பிறகும் மனசு கேட்காமல், மெதுவாக்கிய அளவை எடுத்துவிட்டு ஒருதரம், போட்டு ஒருதரம் என்று ஓட்டிப் பார்த்தது அவளேதான். கடைசியில் எடுத்தவள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, போட மறந்துவிட்டாள்.

சொன்னால் வேலைக்கே உலை. சொல்லாமல் விட்டால், எங்கோ மூடுபனியில் ஒரு கப்பல் இந்தக் கடிகாரத்தை நம்பிப் பாறையில் மோதும். பயத்தில் அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. மேலதிகாரியிடம் ஓடினாள்.

"சார், பெட்டிய மூடாதீங்க. நான்தான் கெடுத்து வெச்சிருக்கேன்."

மேலதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். அவளோடு வந்து திரையைப் பார்த்தார்.

"நல்லவேளைம்மா, இன்னொருதரம் பார்த்தே."

"இன்னொருதரம் பார்க்காம இருந்திருந்தா இது கெட்டே இருக்காது சார்."

அளவை மறுபடி போட்டார்கள். பகல் முழுக்க இருவரும் திரையை விட்டு நகரவில்லை. சாயங்காலம் கோடு ஒழுங்காகச் சரிந்து இறங்கியிருந்தது. "காலையில மூடிடலாம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார் அவர்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பியவள், வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் கைப்பையைத் துழாவி அறைச் சாவியை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். நானே வந்து கேட்டாலும் குடுத்துடாதீங்க."