என் மேல கேஸ் விழுந்திருச்சு

ஸ்ரீவில்லிபுத்தூரில் நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் பிரிஸ்கில்லாவின் மொழிபெயர்ப்பு அலுவலகம். ஆங்கில எம்.ஏ. படித்தவர். நான்கு வருடம் பள்ளியில் பாடம் நடத்திப் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தார். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ். மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு மேல்முறையீடு போகும் வழக்குகளின் தமிழ்க் காகிதங்களை ஆங்கிலத்தில் மாற்றித் தருவார். பிரிஸ்கில்லா அடித்ததைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று வக்கீல்கள் சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன ஆடி மாதம் வக்கீல் ஆனந்தவல்லி போன் செய்தார்.

"வல்லரசு மேல ஏதும் போலீஸ் கேஸ் இருக்கா பிரிஸ்கில்லா?"

"இருக்குன்னு அவரே சாட்சி சொல்லியிருக்காரே மேடம்."

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் கிடையாது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

வல்லரசு, ராஜபாளையத்தில் ஒரு கூல்டிரிங்ஸ் ஏஜென்சியில் சுமை இறக்கியவர். வேலையில் கால் ஒடிந்ததென்று நஷ்டஈடு கேட்டார். பைக்கில் போய் விழுந்தார் என்றார் முதலாளி. கீழ்க்கோர்ட்டில் தோற்றுப்போய், ஆனந்தவல்லி மூலம் மேல்முறையீடு செய்திருந்தார்.

பிரிஸ்கில்லா தமிழ் வாக்குமூலத்தைத் தேடி எடுத்தார். "அன்னைக்கு என் மேல கேஸ் விழுந்திருச்சு. அதோட வேலைக்குப் போகல." தன் மீது அன்று வழக்குப் பதிவானது என்று அதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அது பைக் விபத்து வழக்குதான் என்று சொல்ல முதலாளி தரப்புக்கு வசதியாகிவிட்டது. ஊரில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? ஆனாலும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வல்லரசு வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, கேஸ் விழுந்துச்சுன்னு சொன்னீயளே, அது என்ன கேஸு?"

"கலர் கேஸு தாயி. இருபத்தினாலு பாட்டில் இருக்கும்லா, அந்தப் பெட்டி. ஏழு அடுக்கு சரிஞ்சு இந்தக் கால் மேலதான் விழுந்துச்சு."

பிரிஸ்கில்லா அவர் காட்டிய காலைப் பார்த்தார்.

"தப்பா எழுதிட்டேன் அண்ணே. உங்க மேல போலீஸ் கேஸ் இருக்குன்னு எழுதிட்டேன்."

"எம் மேலயா?" வல்லரசு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்லையே தாயி."

வீட்டுக்கு வந்து ஆங்கில அகராதியில் 'கேஸ்' என்பதைப் புரட்டினார். எழுத்து மாறாமல் இரண்டு சொற்கள் இருந்தன. பெட்டி என்ற பொருளில் வருவது, கொள்ளுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ஆஸ்பத்திரி கேஸ், கோர்ட் கேஸ் எல்லாம் வேறொரு லத்தீன் சொல்லின் வழி. அதற்கு விழுதல் என்று பொருள். ஒருவன் மேல் வந்து விழுவதுதான் கேஸ். நம்மூரில் அடுப்பெரிக்கும் கேஸோ இரண்டுக்கும் உறவில்லாதது. உருவமற்ற வெளியைக் குறித்த கிரேக்கச் சொல்லைப் பார்த்து ஒரு வேதியியலாளர் உண்டாக்கியது. பதினோரு வருடமாக இந்தச் சொல்லை வைத்துப் பிழைத்தும் ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஆனந்தவல்லி, "டைப்பிங் மிஸ்டேக்னு போட்டுருவோம். உங்க பேர் கெட வேண்டாம்," என்றார்.

"டைப்பிங் சரிதான் மேடம். நான்தான் கேக்காம எழுதுனேன். அப்படியே போடுங்க."

தன் பெயரில் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார். திருத்திய மொழிபெயர்ப்பை மதுரையில் ஏற்றுக்கொண்டார்கள். வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது. ஏஜென்சியில் கூட வேலை பார்த்த உக்கிரபாண்டி, பெட்டிகள் சரிந்ததை நேரில் பார்த்ததாக இந்த முறை சாட்சி சொன்னார். பங்குனியில் வல்லரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

இதற்குள் இரண்டு வக்கீல்கள் பிரிஸ்கில்லாவிடம் காகிதம் அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒருவர் இன்னும் திரும்பவில்லை. இப்போதெல்லாம் வாக்குமூலம் வந்தால், சொன்னவரின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். சந்தேகம் வந்தால் உடனே கூப்பிட்டு விடுவார். "என்னம்மா, சும்மா சும்மா போன் போடுதீய?" என்று சிலர் அலுத்துக்கொள்வதும் உண்டு.