மாமி முன்னால் சட்டை கழற்றிய அருமைநாயகம்

தேற்றாத்தீவு அருமைநாயகத்தின் தொண்டை ஊருக்கே தெரிந்த தொண்டை. வாவி நடுவில் தோணியிலிருந்து அவர் கூப்பிட்டால் கரையில் மீன் கறிக்குத் தேங்காய் திருவத் தொடங்குவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மாமி சீதேவிப்பிள்ளையின் முன்னால் மட்டும் வாய் கிடையாது. கலியாணம் முடித்துப் பெண் வீட்டிலேயே வாழ்ந்தாலும், ஊர் வழக்கப்படி மாமியும் மருமகனும் நேரே பேசமாட்டார்கள். "சோறு ஆறுதாம் எண்டு சொல்லு மகள்" என்று கதவுக்குப் பின்னால் நின்றுதான் மாமி சொல்வார்.

சுனாமி அந்தக் கதவையும் கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூட முகாமில் அவர்களுக்கு ஒரு வகுப்பறை மூலை, நடுவே மறைப்புக்கு ஒரு சேலை.

அங்கேதான் மனைவி தக்ஷாயினி ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்தாள். வயிற்றை வெட்டி எடுத்த குறைமாதப் பிள்ளை. தாய்க்குக் காயம் நோவு. பால் கொடுக்க மட்டும்தான் முடிந்தது. நான் அந்தப் பகுதியில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது, ஊருக்கு 'மிஸி'. வெறும் நெஞ்சோடு ஒட்டி வைத்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் சூடு பிடித்துப் பிழைக்கும் என்று பயிற்சியில் படித்திருந்தேன்.

"சட்டையக் கழட்டுங்க," என்றேன் அருமைநாயகத்திடம்.

"ஐயோ மிஸி, மாமி இரிக்கிறா!"

"எத்தினையோ நாட்டில ஆராய்ச்சி பண்ணிச் சொன்னது."

"அந்த நாட்டு ஆம்பிளையளுக்கு மாமி இல்லையாக்கும்!"

சேலைக்கு அப்பாலிருந்து சீதேவிப்பிள்ளையின் குரல் வந்தது. "ஆம்பிளைட நெஞ்சில என்ன, அடுப்பா எரியிது?"

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். "புள்ளட காலத் தொட்டுப் பாருங்க! பச்சத் தண்ணியாக் கிடக்கு. வெக்கம் பெருசா, புள்ள பெருசா?"

அருமைநாயகம் தொட்டார். முகம் செத்துப்போயிற்று. சட்டையைக் கழற்றினார். பிள்ளையைக் கட்டத் துணி வேண்டுமே! நடுவில் தொங்கிய சேலையையே உருவி, நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன்.

"பால் குடிக்க மட்டும் தாயிட்டக் குடுங்க. மத்தப்படி இறக்கப்படா. பின்னேரம் வாறன்."

மழை பிடித்தது, வீதியை வெள்ளம் மூடியது. அடுத்த நாள்தான் போக முடிந்தது. பிள்ளை என்ன ஆயிற்றோ என்று ஓடினேன்.

அருமைநாயகம் சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் பிள்ளையை அணைத்தபடி இருந்தார். "புள்ள முழிச்சிருமெண்டு நான் இருமக்கூட இல்ல மிஸி," என்றார். வாவியைக் கடக்கும் தொண்டையில் வெறும் காற்றுத்தான் வந்தது. அவருக்கு நேர் முன்னால், சோற்றுக் கோப்பையோடு சீதேவிப்பிள்ளை. மீனில் முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து, உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

துணிக்குள் விரலை விட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டேன். நல்ல சூடு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கொஞ்சம் இறக்கட்டா, மிஸி?"

நான் வாய் திறக்குமுன் சீதேவிப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"அடுப்ப அணைக்கிறதா? சும்மா இரிங்க. வாயத் திறங்க, மருமகன்."