நான்கு நொடி வண்டி

இடது உள்ளங்கை கறுப்பு ரப்பர் குழாயின் மேல் படிந்திருந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, அழுத்தாமல், எடுக்காமல். வலது கையில் சாக்குக்கட்டி. "போடுங்க" என்றதும் காருக்குள்ளே சாவி திரும்பியது. என்ஜின் உறுமி எழுந்தது, நான்கு நொடி நல்ல பிள்ளையாக ஓடியது, விக்கியது, நின்றது. சாக்குக்கட்டி குனிந்து சிமெண்டுத் தரையில் '4' என்று எழுதியது. அங்கே ஏற்கெனவே நான்கு நான்குகளும் ஒரு ஐந்தும் வரிசையாக இருந்தன.

"மாப்ளே, வண்டியப் பாக்கறியா, வாய்ப்பாடு எழுதறியா?" என்றார் மச்சான்.

அந்தக் கைகளுக்கு உரியவரை எல்லோரும் நிதானம் என்றுதான் அழைத்தார்கள். பாராட்டு என்று அவர் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் காரை விட்டவர்கள் நடந்து நடந்தே உடம்பு இளைத்துப் போனார்கள் என்று எதிர்ப் பட்டறை டிங்கர் சொல்வார். பட்டறைத் தெருவில் வளர்ந்தவர். கழற்றக் கூடாததைக் கழற்றி, யாரும் பார்க்குமுன் திரும்ப மாட்டி, அப்படியே தொழில் கற்றவர். திரும்ப மாட்டியபின் கையில் ஒரு திருகு மிஞ்சிய நாளில் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: பத்துத் தடவை ஓட்டிப் பார்க்காமல் எந்தத் திருகையும் தொடக் கூடாது. ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தாலும் பத்துத் தடவைதான்.

மச்சான் அவர் மனைவியின் அண்ணன். பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட சர்வீஸ் சென்டர் வைத்திருந்தார். காத்திருப்பவர்களுக்கு மீன் தொட்டி, முதுகு பிடித்துவிடும் நாற்காலி எல்லாம் உண்டு. அவர் கடைசியாக ஸ்பானரைத் தொட்டது திறப்பு விழா அன்று, போட்டோ எடுக்க.

கார் ஒரு பல் டாக்டருடையது. மூன்று வாரத்துக்கு முன் ஆயில் மாற்ற மச்சானிடம் ஓட்டிக்கொண்டு போனார். போனபோது ஓடியது, வந்தபோது ஓடவில்லை. பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், இன்ஜெக்டரை மாற்றினார்கள், பெயர் தெரியாத இரண்டு சென்சார்களையும் மாற்றினார்கள். வண்டி தன் நான்கு நொடியை விட்டுக்கொடுக்கவில்லை. பொறுமை இழந்த டாக்டர் இன்று காலை அதைக் கயிறு கட்டி இழுக்கவைத்து நிதானத்தின் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மானம் போகிறதே என்று மச்சான் பின்னாலேயே வந்தார்.

வந்தவர் தங்கையை நடுவில் நிறுத்தி ஒரு பந்தயம் போட்டார். "ஆறு மணிக்குள்ள சரிபண்ணி டாக்டர் கையில சாவி குடுத்துட்டா, என் கடைக்கு வான்னு இனி கூப்பிடமாட்டேன். இல்லன்னா ஒண்ணாம் தேதி ஷெட்டப் பூட்டிட்டு வந்துடணும். என்ன மாப்ளே?"

நிதானம் "சரி" என்றார். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் கொடுத்தனுப்பிய சர்வீஸ் சென்டரின் நீலச் சீருடைச் சட்டையை அவள் போன வாரமே இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாள். ஒரு வண்டிக்கு நாற்பது நிமிடம் என்று சுவர்க் கடிகாரம் பார்த்து வேலை செய்யும் இடம் அது. அங்கே போனால் தன் கை தன் பேச்சைக் கேட்காது என்ற பயம் நிதானத்துக்கு உள்ளுக்குள் இருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தாலும் இந்நேரம் முடித்திருக்க மாட்டார்.

"டாக்டர், இந்தத் தடவ ஆக்சிலேட்டரக் கொஞ்சம் மிதிங்க."

மிதித்ததும் இரண்டே நொடியில் நின்றது. தரையில் '2' விழுந்தது.

"பெட்ரோல் பத்தல. சின்னக் குழந்தைக்குத் தெரியும்" என்றார் மச்சான்.

"பம்பு புதுசு, நீங்க மாத்தினதுதானே?"

"ஆமா. ஆனா ஸ்கேனர் பெட்ரோல் அதிகம்னு சொல்லுச்சே. அதனாலதான் இன்ஜெக்டர மாத்தினோம்." ஒரே மூச்சில் குறைவையும் அதிகத்தையும் சொன்னதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

"பெட்ரோல் அதிகமா, காத்து கம்மியான்னு அதுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது மச்சான். போடுங்க டாக்டர்."

டாக்டர் கார்க் கண்ணாடியை இறக்கினார். "எங்கிட்ட பல்லு வலின்னு வந்தா முப்பத்திரண்டையும் பிடுங்கிட்டு உக்கார மாட்டேன். முதல்ல வாயத் திறக்கச் சொல்லுவேன்."

"திறந்துடலாம் டாக்டர். இன்னும் ரெண்டு தடவ பாக்கி."

நின்றுபோகும் அந்த நொடியில் ரப்பர் குழாய் கன்னம் ஒட்டுவதுபோல உள்வாங்குவதை அவருடைய உள்ளங்கை மூன்றாம் தடவையே கண்டுபிடித்துவிட்டது. என்ஜின் மூச்சு இழுக்கிறது, மூச்சு வரவில்லை. ஆனால் பத்து என்றால் பத்து. மனைவி பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தாள். "தெரிஞ்சுதுன்னா சொல்லித் தொலைங்களேன். மணி மூணு!"

பத்தாவது முடிந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயின் முதல் வளைவு பேட்டரிக்கு அடியில் ஒளிந்திருந்தது. மச்சானின் ஆட்கள் அதைத் தொடாததற்குக் காரணம் எளிமையானது. பேட்டரியைக் கழற்ற வேண்டும், கை அழுக்காகும். நிதானம் கழற்றினார். ஒவ்வொரு திருகையும் துடைத்து, கழன்ற வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கினார். குழாயை விடுவித்து, நீள மூக்கு இடுக்கியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார்.

கசங்கிய பிளாஸ்டிக் பை ஒன்று வெளியே வந்தது. விரித்தார். கட்டைவிரலை உயர்த்தியபடி மச்சான் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

சென்டரில் ஆயில் மாற்ற வரும் வண்டிக்குக்கூட என்ஜினைத் தண்ணீர் பீச்சிப் பளபளப்பாக்குவார்கள். அது மச்சானின் கட்டளை. தண்ணீர் உள்ளே போகாமலிருக்க, ஏர் ஃபில்டரைக் கழற்றிய குழாய் வாயில், மச்சான் படம் போட்ட இலவசப் பை ஒன்றைச் செருகுவார்கள். இந்த வண்டியில் எடுக்க மறந்திருக்கிறார்கள், என்ஜின் அதை வளைவுக்குள் இழுத்துக்கொண்டது. என்ஜின் நின்றிருக்கும்போது பை சுருண்டு கிடக்கும். ஓடத் தொடங்கினால் காற்றில் விரிந்து வளைவை அடைத்துவிடும்.

டாக்டர் பையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "போட்டோல கொஞ்சம் இளைச்சிருக்கீங்க."

"பசங்க பண்ணின கூத்து இது. நான் அப்பவே சொன்னேன், காத்துப் பக்கம் பாருங்கடான்னு."

"எப்பண்ணே சொன்னே?" என்றாள் தங்கை.

மச்சான் பதிலுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு. அவர் முகம் லேசாகத் தெளிந்தது. சரிபண்ணினால் போதாது, ஆறு மணிக்குள் சாவி கைமாற வேண்டும். இந்த மாப்பிள்ளையின் வேகம் அவருக்குத் தெரியும்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நிதானம் குழாயின் உட்புறத்தை விளக்குப் பிடித்துத் துடைத்தார். பிளக்குகளைக் கரி போகத் தேய்த்தார். பேட்டரியை மாட்டி முடிக்கும்போது ஐந்தே கால். டாக்டர் சாவியைத் திருப்பினார். வண்டி நான்கு நொடியைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது.

"ஓடுது, குடுத்துடுங்க!" என்றாள் மனைவி.

"ஒரு தடவ ஓடினா ஓடினதா?" என்று அதை நிறுத்தச் சொன்னார் நிதானம். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் குழாயில் கை வைத்துப் பார்த்தார். மனைவி கடிகாரத்தையும் கணவனையும் மாறி மாறி முறைத்தாள். மச்சான் முதுகுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு, ஐந்து நாற்பது, ஐந்து நாற்பத்தைந்து என்று கேட்காமலே நேரம் சொன்னார். எட்டாவதில் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களக் கட்டிக்கிட்டதுக்கு அந்தச் சட்டையவே கட்டியிருக்கலாம்."

பத்தாவது முடிந்தபோது மணி ஐந்து ஐம்பத்தாறு. டாக்டர் இறங்கி நின்றார். நிதானம் சாவியை உருவித் துணியால் துடைத்தார். மச்சான் சட்டென்று முன்னால் வந்து கை நீட்டினார். "நம்ம கஸ்டமர். நானே குடுத்துடறேன் மாப்ளே."

மனைவி குறுக்கே வந்து நின்றாள். "டாக்டர் கையிலன்னுதானே சொன்னே அண்ணே?"

நிதானம் மச்சானின் நீட்டிய கையைச் சுற்றி, அவசரப்படாமல் இரண்டு அடி நடந்து, டாக்டரின் உள்ளங்கையில் சாவியை வைத்தார்.