அணைக்காத பெட்டி

முத்தையாபுரத்தில் செந்தூர்வேல் அண்ணாச்சி வீடு எது என்று கேட்டால், துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரன் எவனும் வழி சொல்லிவிடுவான். நம்பர் பிளேட்டுக்கு எழுத்து, கதவுக்கு முதலாளி பெயர், பின்கண்ணாடிக்குக் குலசாமி படம் எல்லாம் அவர் வீட்டு முன்னறையில் வெட்டுகிற ஸ்டிக்கர்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். தேரிக்காட்டிலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் வந்து, பலசரக்குக் கடையில் மூட்டை பிரித்து, பிறகு பிரஷ் பிடித்து லாரிக்குப் பெயர் எழுதி மேலே வந்தவர். கம்ப்யூட்டர் வந்ததும் மற்ற பெயின்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவர் அந்தக் கம்ப்யூட்டரையே துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸ் கழித்துப்போட்டபோது வாங்கிவந்து, வெட்டும் மிஷினோடு கோத்துவிட்டார். அந்தத் துணிச்சல் ஊரில் வேறு எவனுக்கு இருந்தது? எவனுக்கும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கிழடு. வெட்டும் மிஷினோ அதைவிடக் கிழடு. மிஷினிலிருந்து வருகிற தடித்த வயரைச் செருக இப்போதைய கம்ப்யூட்டரில் ஓட்டையே கிடையாது. அதனால் பெட்டி நின்றால் மிஷினும் நின்றது, தொழிலும் நின்றது. உள்ளே பொட்டு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் பெட்டி தன் ஞாபகத்தை அதில்தான் வைத்திருக்கும். அது செத்துப் பல வருடம் ஆயிற்று. மாற்றவில்லை. ஓடுகிற வண்டியில் எவனாவது போல்ட்டைக் கழற்றுவானா? அதற்குப் பதிலாக வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார்: பெட்டியை அணைத்தாலும் சுவரில் இருக்கிற ஸ்விட்சை மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது.

போன பொங்கலுக்கு, மருமகனை வைத்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டுவிட்டார். ஒரே மகள் முத்துச்செல்வி கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

"அம்மாக்கு முட்டி ரெண்டும் போச்சுப்பா. அங்கன வந்து எங்ககூட இருங்க, நல்ல ஆஸ்பத்திரியில பாப்போம்" என்றாள்.

"மருமகன் வீட்டுல போய் டிவி பாத்துக்கிட்டு உக்கார்றதுக்கா நான் தேரியில இருந்து ஏறி வந்தேன்? இந்தப் பெட்டி ஓடுத வரைக்கும் நான் இங்கனதான். அது படுத்துட்டுன்னா சொல்லு, மறுநாளே பஸ் ஏறுதேன்."

மருமகன் சிரித்தார். முத்துச்செல்வி சிரிக்கவில்லை. "வாக்கு மாறக்கூடாது" என்றாள். செந்தூர்வேலுக்கு வாக்கு என்றால் வாக்குதான்.

இந்த ஆயுதபூஜைக்கு அவர் பொரியும் வாழைக்கன்றும் வாங்கப் போயிருந்த நேரத்தில், மனைவி சண்முகத்தாய் வெட்டும் மிஷினைத் துடைத்தாள், கத்தரிக்கோலைத் துடைத்தாள், பெட்டியையும் துடைத்தாள். வருசம் முழுவதும் உழைக்கிற ஆயுதம் இன்றைக்கு ஒரு நாளாவது ஓய்ந்திருக்க வேண்டாமா என்று, சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டாள். சந்தனத்தைக் கரைத்து, குங்குமம் சேர்த்து, பெட்டிக்கு முகத்தில் தாராளமாகப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. ஒரு எழுத்தாவது வெட்டினால்தான் வருசம் ஓடும். அதோடு பாண்டியராஜ் என்கிற லாரிக்காரர் புது வண்டிக்கு ஸ்டிக்கர் கேட்டிருந்தார். செந்தூர்வேல் பட்டனை அமுக்கினார். காற்றாடி சுற்றியது. திரை வெளிச்சம் காட்டப் போகிற நேரத்தில் பொசுக்கென்று நின்றது. மறுபடி அமுக்கினார். சுற்றியது, நின்றது. அப்போதுதான் சுவர் ஸ்விட்சைப் பற்றிக் கேட்டார், முதல் நாள் அணைத்துக் காலையில் திரும்பப் போட்டதைச் சண்முகத்தாயும் சொன்னாள்.

"ஏளா, நீ வேணும்னேதான செஞ்ச? கோயம்புத்தூருக்குப் போவணும்னு?"

"வேணும்னே செய்யுதவ சந்தனமா வைப்பேன்? ஒரு குடம் தண்ணிய ஊத்தியிருக்க மாட்டேன்?"

செந்தூர்வேல் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்து, பக்கத் தகடைக் கழற்றினார். முன்னறையில் வெளிச்சம் போதாது. அதனால் சண்முகத்தாயும் தரையில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். உட்காரும்போதே சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துத்தான் உட்கார்ந்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் பெட்டிக்குள் இருந்தது.

உள்ளே உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. இந்த ஊரில் செம்பு என்று எது இருந்தாலும் பச்சை பூக்கும். மெமரிப் பலகையைப் பிடுங்கி, அதன் மஞ்சள் பல்வரிசையை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். சுற்றியது, நின்றது. சிடி டிரைவைப் பிடுங்கினார். நின்றது. கரண்ட் கொடுக்கிற டப்பாவைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று, மச்சில் கிடந்த இன்னொரு செத்த கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினார். அதுவும் அப்படியே நின்றது. ஒவ்வொரு தடவையும் அமுக்குவார், திரையையே பார்ப்பார், நிற்கும். முதுகு விண்விண் என்று தெறித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் திருகாணி இரண்டாகத் தெரிந்தது. இளவயதில் வெயிலில் நின்று நாள் முழுவதும் பெயர் எழுதிய உடம்பு இது. இப்போது ஒரு திருகாணிக்கு மூச்சு வாங்குகிறது.

நடுவில் பாண்டியராஜ் வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, பெட்டிக்குப் பிரசவம் பாக்கியளோ?"

"பிள்ள தலைகீழாக் கெடக்கு, ஓய். சாயந்தரம் வாரும்."

"வண்டியத் திருச்செந்தூருக்குப் பூசைக்குக் கொண்டு போவணும். டவுன்ல புதுக்கடையில வெட்டிக்கிடட்டுமா?"

"போம். ஒரு மழைக்குத் தாங்காத ஸ்டிக்கர் வேணும்னா போம்."

பாண்டியராஜ் டவுனுக்குப் போகவில்லை. சாயந்தரம் வருகிறேன் என்று நகர்ந்தார். அவர் தலை மறைந்ததும் போன் அடித்தது. முத்துச்செல்வி. செந்தூர்வேல் உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினார்.

"அப்பா வேலையா இருக்காவ, மக்கா" என்றாள் சண்முகத்தாய். "ஆமா, பெட்டி இருக்கு. இங்கனதான் இருக்கு." போனை வைத்துவிட்டு டார்ச்சை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "பூசை முடிஞ்ச மறுநாளே பொய் சொல்ல வச்சிட்டிய."

"எங்க பொய்? பெட்டி இருக்கத்தான செய்யுது?"

சாப்பாட்டுக்கு யாரும் எழும்பவில்லை. பூஜையில் மிஞ்சிய பொரியைத் தின்றுவிட்டுத் திரும்பவும் குனிந்தார். கடைசியாக, வேறு வழியில்லாமல், பெட்டியின் முன்முகத்தையே பிடுங்கி எடுத்தார். பட்டன் முகத்தோடு போய்விட்டது. உள்ளே பெரிய பலகையில் பட்டன் வயர் செருகுகிற இரண்டு ஊசிமுனை மட்டும் நின்றது. ஸ்குரூ டிரைவர் நுனியால் இரண்டையும் ஒரு தொடு தொட்டார்.

பெட்டி ஓடியது. நிற்காமல் ஓடியது.

செந்தூர்வேல் கையிலிருந்த முன்முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பட்டன் மேல் வைத்த பொட்டு அதைச் சுற்றி வழிந்து, உள்ளே இறங்கி, பசையாகக் காய்ந்திருந்தது. விரலால் அமுக்கினார். உள்ளே போன பட்டன், படுத்த மாடு எழும்புவது போலத் தன் இஷ்டத்துக்கு மெல்ல வந்தது. அந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் விடாமல் அமுக்கிப் பிடித்தால் பெட்டி அணைந்துவிடும். அது அவருக்குத் தெரியும். எத்தனை தடவை அவரே அப்படி அணைத்திருக்கிறார்! அமுக்கிய விரல் வெளியே வந்துவிட்டது, பட்டன் வரவில்லை. அவ்வளவுதான் நோய்.

சண்முகத்தாய் எட்டிப் பார்த்தாள். "பொட்டு வச்சதுக்கா இம்புட்டும்?"

"சும்மா இரு, ளா."

இனி மிச்சம் அவருக்குச் சின்ன வேலை. பட்டனைத் துடைத்து முன்முகத்தை மாட்டினார். கடிகாரக் கடையிலிருந்து பொட்டு பேட்டரி வாங்கிவந்து போட்டார். ஞாபகம் தப்பிய பெட்டி, தனக்கு டிஸ்க் இருப்பதையே மறந்து நீலத்திரையில் நின்றது. அந்தத் திரையின் இங்கிலீஷை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரிசையில், எந்த மூலையில் எது உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். டிஸ்க்கைக் கண்டுபிடிக்க வைத்தார். தடித்த வயர் செருகுகிற வாசலை மூடியிருந்தது பெட்டி, திறக்க வைத்தார். படித்த பிள்ளைகள் போனில் தேடிப் பார்த்துச் செய்கிறதை இவர் கை செய்தது. வெட்டும் மிஷின் கிர்ரென்று நகர்ந்து, பாண்டியராஜ் வண்டியின் முதல் எழுத்தை வெட்டியது.

"பாத்தியா!" என்றார். "எவன் செய்வான் இதை? சொல்லு, எவன் செய்வான்?"

சண்முகத்தாய் பார்க்கவில்லை. தரையில் கையை ஊன்றி எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. அவர் குனிந்து அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். பாதி தூக்கியதும் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இசக்கிசெல்வியக் கூப்பிடுங்க" என்றாள் அவள், ஒன்றும் நடக்காதது போல. "அவதான் தூக்கிவிடுவா."

"எப்பவும் அவதான் தூக்கிவிடுதாளா?"

"பின்ன? நீங்க பெட்டிய இல்லா பாத்துக்கிட்டு இருக்கிய."

பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி வந்து, பழகின கையால், ஒரே இழுப்பில் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். இவரையும் தூக்க வந்தாள். "வேண்டாம்மா, நான் எழும்பிக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு, எழும்பாமல் அப்படியே இருந்தார்.

அவள் போன பிறகு கேட்டார். "கோயம்புத்தூருக்குப் போவணும்னு ஒரு நாளாவது எங்கிட்டச் சொன்னியா நீ?"

"நீங்க கேட்டியளா?"

மிஷின் வெட்டிக்கொண்டே இருந்தது. வெட்டி முடிந்ததும், அவர் சுவரைப் பிடித்து எழுந்து போனை எடுத்தார்.

"முத்துச்செல்வி, நல்லாக் கேட்டுக்கோ. பெட்டி ஓடுது. உங்கம்மைகிட்ட வேணும்னாலும் கேட்டுக்கோ, ஓடுது. பந்தயத்துல செயிச்சது நான்."

"சரிப்பா, யாரு இல்லன்னா?"

"தோத்துப்போய் வாரேன்னு உன் வீட்டுக்காரன் நெனச்சிரக்கூடாது. அதுக்குத்தான் சொல்லுதேன். நானா வாரேன். அம்மா முட்டிக்கு அந்த ஆஸ்பத்திரியில சொல்லி வை."

"எப்பம்ப்பா வாரிய?" என்று குரல் வந்தது.

"மெல்ல வாரேன்" என்று சொல்ல வாயெடுத்தார். நாற்காலியிலிருந்து சண்முகத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாண்டியராஜுக்கு இந்த ஸ்டிக்கர ஒட்டிக் குடுத்திருதேன்" என்றார். "வேற ஆர்டர் எடுக்கல."